எசுப்பானியச் சிவப்பு வைன் சுவைத்தல்

எசுப்பானியச் சிவப்பு வைன் சுவைத்தல் என்பது எசுப்பானியா (ஸ்பெயின்) நாட்டில் விளையும் கருந்திராட்சைகளிலிருந்து பெறப்படும் சிவப்பு வைன்கள் சிலவற்றை ஒரே அமர்வில், ஒப்பிட்டு அறியும் நோக்குடன், சிறிய அளவுகளில் அருந்திப் பார்க்கும் நிகழ்வு ஆகும். இது வைன் ஆலைகளிலும் தொழில்முறை நடுவர் குழுக்களாலும் நடத்தப்படுகிறது. நண்பர்கள் சிலர் ஒருவர் வீட்டில் கூடித் தாமே நடத்திக்கொள்வதும் உண்டு. இக்கட்டுரை பெரும்பாலும் இந்த வீட்டுச் சுவைத்தலைப் பற்றியது.

பிற நாட்டு வைன்களைச் சுவைப்பதிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது. பிரான்சின் பல வைன்கள் ஊரின் பெயராலும், அமெரிக்க, ஆத்திரேலிய வைன்கள் பெரும்பாலும் திராட்சையின் பெயராலும் விற்கப்படுகின்றன. எசுப்பானியச் சிவப்பு வைன்களின் புட்டிகளிலோ, அந்த வைன் எவ்வளவு காலம் பீப்பாயிலும் புட்டியிலும் கிடந்தது என்பதே முதன்மையாகக் குறிக்கப்படுகிறது. நெடுங்காலம் கிடந்தது விலை கூடியது. விலை கூடியது சிறந்தது என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரி என்பதை ஒருவர் தம் நாவினாலேயே சோதித்துக்கொள்ள வீட்டுச் சுவைத்தல் எளிய வழியாகும்.

பெயரும் வழக்கமும்

எசுப்பானிய மொழியில் சுவைத்தல் நிகழ்வு "காத்தா" எனப்படுகிறது. ஒரே ஆலையின் ஒரே வைனைப் பல அறுவடை ஆண்டுகளில் ஒப்பிடுவது செங்குத்துச் சுவைத்தல் என்றும், ஒரே ஆண்டில் பல ஆலைகளின் வைன்களை ஒப்பிடுவது கிடைச் சுவைத்தல் என்றும், புட்டிகளை மறைத்துச் சுவைப்பது குருட்டுச் சுவைத்தல் என்னும் பொருள்படும் சொல்லாலும் குறிக்கப்படுகின்றன.

நண்பர்கள் கூடி உண்டு குடிக்கும் அமைப்புகள் வட எசுப்பானியாவில் பழமையானவை. பாசுக்கு நாட்டின் சான் செபாசுத்தியான் நகரில் உறுப்பினர்களே சமைத்து உண்ணும் உணவுக் கழகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான ஊனியோன் ஆர்த்தெசானா 1870இல் தொடங்கப்பட்டது. துவேரோ ஆற்றங்கரையிலுள்ள அராந்தா தெ துவேரோ நகரின் அடியில் இடைக்காலத்தில் தோண்டப்பட்ட நிலவறைகள் பல இன்றும் இருக்கின்றன. முன்பு வைனைச் சேமிக்கப் பயன்பட்ட அவற்றுள் சிலவற்றை இப்போது நண்பர் குழுக்கள் பேணி, கூடுமிடமாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே வைனைச் சுற்றி நண்பர்கள் கூடுவது அங்கே புதிய நாகரிகம் அன்று. குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு ஒப்பிடுவதே பின்னர் வந்தது.

சீட்டில் உள்ள சொற்கள்

எசுப்பானியாவில் வைன்கள் அவை விளையும் பகுதியின் பெயரால் பாதுகாக்கப்படுகின்றன. இப்பாதுகாப்பு "தோற்றப்பெயர்" எனப்படும். ஒவ்வொரு தோற்றப்பெயருக்கும் ஒழுங்குமுறைக் குழு ஒன்று உண்டு. ரியோகா (எசுப்பானிய ஒலிப்பில் ரியோஹா) 1925இல் இப்பாதுகாப்பைப் பெற்றது. 1991இல் "தகுதி பெற்ற தோற்றப்பெயர்" என்னும் உயர்நிலையை முதலில் அடைந்ததும் அதுவே. காத்தலோனியாவின் பிரியொராட் பகுதி மட்டுமே பின்னர் அந்நிலையை எட்டியது.

முதிர்வைக் குறிக்கும் சொற்கள் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. ரியோகாவில் சிவப்பு வைனுக்கான வரையறை பின்வருமாறு அமைகிறது. கிரியான்சா என்பது குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ந்தது. அதில் ஓர் ஆண்டாவது ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ரெசெர்வா 3 ஆண்டுகள் முதிர்ந்தது. பீப்பாயில் ஓர் ஆண்டும் புட்டியில் ஆறு மாதங்களும் குறைந்த அளவு. கிரான் ரெசெர்வா 5 ஆண்டுகள் முதிர்ந்தது. பீப்பாயில் 2 ஆண்டுகள், புட்டியில் 2 ஆண்டுகள் கட்டாயம். இவற்றில் அடங்காத இளம் வைன் "ஹோவென்" (இளையது) என்றோ, எந்த அடைமொழியும் இன்றியோ விற்கப்படுகிறது. நாடு முழுமைக்குமான பொது விதி இதனைவிடச் சற்றுத் தளர்வானது. எடுத்துக்காட்டாக, பொது விதிப்படி கிரியான்சா வைனுக்குப் பீப்பாயில் ஆறு மாதங்களே போதும். எனவே கிரியான்சா என்ற ஒரே சொல் இரு பகுதிகளில் இரு வேறு அளவுகளைக் குறிக்கலாம்.

ரியோகா புட்டிகளின் பின்புறச் சீட்டு நிறத்தாலும் இவ்வகையைக் காட்டும். இளம் வைனுக்குப் பச்சை, கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர் சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். புட்டியை மறைத்துச் சுவைக்க விரும்புவோர் முன்பக்கச் சீட்டை மட்டும் மூடிவிட்டு, பின்பக்கத்து நிறத்தால் ஏமாறுவதுண்டு.

இங்கு கவனிக்க வேண்டியது, இச்சொற்கள் எவையும் வைனின் தரத்தை நேரடியாகச் சொல்வதில்லை என்பதாகும். அவை காலத்தை மட்டுமே உறுதி செய்கின்றன. நல்ல ஆலைகள் நல்ல பழத்தையே நெடுங்கால முதிர்வுக்கு ஒதுக்குகின்றன என்பதால் காலத்துக்கும் தரத்துக்கும் தொடர்பு இருக்கவே செய்கிறது. ஆனால் அது ஆலையின் பழக்கம். சீட்டு தரும் உறுதி அன்று.

பீப்பாய் வந்த வரலாறு

ரியோகாவில் வைனைச் சிறிய ஓக் பீப்பாய்களில் முதிர வைக்கும் முறை பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து வந்ததாகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லபாசுத்தீதா ஊரைச் சேர்ந்த மனுவேல் கின்தானோ என்ற பாதிரியார் இம்முறையைக் கற்றுவந்து தம் வைனை முதிர வைத்தார். முதிர வைப்பதற்குச் செலவு கூடும். ஆகவே கூடுதல் விலை வேண்டும். உள்ளூர் உற்பத்தியாளர்கள் இதனை ஏற்கவில்லை. ஊரின் எல்லா வைனுக்கும் ஒரே விலை என்ற வழக்கத்தை அவர்கள் வலியுறுத்தியதால் அம்முயற்சி நின்றுபோயிற்று. முதிர்ந்த வைனுக்கு அதிக விலை தகுமா என்ற கேள்வி, பீப்பாய் வந்த அன்றே எழுந்தது என்பது வியப்பானது.

1852இல் லூசியானோ தெ முரியெத்தா லொக்ரோன்யோ நகரில் போர்தோ முறையில் வைன் உருவாக்கினார். 1858இல் மார்க்கேசு தெ ரிசுக்கால் ஆலை தொடங்கப்பட்டது. 1863இல் ஆரோ நகரைத் தொடர்வண்டிப் பாதை அடைந்தது. அதே காலகட்டத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை முதலில் சாம்பல்நோயும் பின்னர் வேரை அழிக்கும் பைலொக்செரா என்னும் பூச்சியும் தாக்கின. போர்தோ வணிகர்கள் வைன் தேடி மலைகளைக் கடந்து ரியோகாவுக்கு வந்தனர். ஆரோ தொடர்வண்டி நிலையத்தை ஒட்டியே ஆலைகள் எழுந்தன. லோப்பெசு தெ எரேதியா (1877), கூனே (1879), லா ரியோகா அல்தா (1890) ஆகியவை அங்கே இன்றும் இயங்குகின்றன. 1899இல் பைலொக்செரா ரியோகாவையும் அடைந்தது. அதற்குள் அமெரிக்கத் திராட்சையின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டும் மாற்றுவழி கண்டறியப்பட்டிருந்தது.

சில ரியோகா புட்டிகளைச் சுற்றிக் காணப்படும் மெல்லிய பொன்னிறக் கம்பிவலையும் அக்காலத்து நினைவே. காலியான புகழ்பெற்ற புட்டிகளில் மலிவான வைனை நிரப்பி விற்பவர்களைத் தடுக்கவே, வலையை அறுக்காமல் தக்கையை எடுக்க முடியாதவாறு அது பின்னப்பட்டது. இன்று அது வெறும் அலங்காரம்.

ரியோகாவின் பழைய ஆலைகள் பல, பிரெஞ்சு ஓக்குக்குப் பதிலாக அமெரிக்க ஓக்கைப் பெரிதும் பயன்படுத்தின. அமெரிக்க ஓக் வைனுக்கு வனிலா, தேங்காய் ஆகியவற்றை ஒத்த மணத்தைத் தருகிறது. தேங்காய் மணம் ஓக் மரத்தில் இயல்பாக உள்ள லாக்டோன் என்னும் சேர்மத்தால் வருவது. பழைய பாணி ரியோகாவை அடையாளம் காண உதவுவதும் இம்மணமே.

காலமா, இடமா?

கால அளவை முதன்மைப்படுத்தும் முறை 21ஆம் நூற்றாண்டில் எசுப்பானியாவிலேயே கடும் விமரிசனத்துக்கு உள்ளாயிற்று. சிறந்த நிலத்தில் விளைந்த பழமும் சாதாரண நிலத்தில் விளைந்த பழமும் ஒரே அளவு காலம் பீப்பாயில் கிடந்தால் இரண்டுக்கும் ஒரே சொல்லே கிடைக்கிறது என்பது விமரிசகர்களின் வாதம். லகுவார்தியா ஊரின் ஆர்த்தாதி ஆலை 2015ஆம் ஆண்டின் இறுதியில் ரியோகா தோற்றப்பெயரை விட்டே வெளியேறியது. 2017இல் ரியோகா ஒழுங்குமுறைக் குழு "தனித்தோட்டம்" என்னும் வகையை ஏற்றுக்கொண்டது. இதன்படி, குறைந்தது 35 ஆண்டு வயதுடைய கொடிகளைக் கொண்ட, கையால் அறுவடை செய்யப்படும், விளைச்சல் கட்டுப்படுத்தப்பட்ட தோட்டங்கள் தம் பெயரைச் சீட்டில் குறிக்கலாம்.

மறுதரப்பு வாதமும் எளிதில் தள்ளக்கூடியது அன்று. வாங்குபவர் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆலையே காத்திருந்து, அருந்தத் தகுந்த நிலையில் வைனை விற்கிறது. நிலவறை இல்லாத சாதாரண வீட்டாருக்கு இது பெரும் வசதியாகும். பல ஊர்களின் பழத்தைக் கலந்து சீரான சுவையைப் பேணுவதும் ஒரு கலையே.

திராட்சைகளும் பகுதிகளும்

எசுப்பானியச் சிவப்பு வைன்களில் தலையாயது டெம்ப்ரானியோ திராட்சை ஆகும். "டெம்ப்ரானோ" என்றால் முன்கூட்டியது என்று பொருள்; பிற வகைகளைவிட முன்னதாகப் பழுப்பதால் இப்பெயர். 2012இல் வெளியான மரபணு ஆய்வு, இது அல்பியோ மயோர், பெனெதிக்தோ ஆகிய இரு வகைகளின் கலப்பு என்று காட்டியது. இத்திராட்சை ஊருக்கு ஒரு பெயர் பூண்டுள்ளது. துவேரோ கரையில் தின்தோ பீனோ, தோரோ பகுதியில் தின்தா தெ தோரோ, லா மாஞ்சாவில் சென்சிபெல், காத்தலோனியாவில் முயலின் கண் என்று பொருள்படும் உல் தெ யெப்ரே. எனவே ஒருவர் நான்கு வெவ்வேறு திராட்சைகளை ஒப்பிடுவதாக எண்ணி ஒரே திராட்சையை நான்கு முறை வாங்கிவிட வாய்ப்புண்டு.

ரியோகாவில் டெம்ப்ரானியோவுடன் கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகியவற்றையும் கலப்பர். கிராசியானோ புளிப்பையும் நிறத்தையும் கூட்டும்.

ரிபேரா தெல் துவேரோ (தோற்றப்பெயர் 1982) ஏறத்தாழ 750 முதல் 1000 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். கோடையில் பகல் வெப்பம் கடுமை, இரவு குளிர்ந்துவிடும். இதனால் பழம் முழுமையாகக் கனிந்தும் புளிப்பை இழப்பதில்லை. நிறம் அடர்ந்து, துவர்ப்பு மிகுந்த வைன் கிடைக்கிறது. 1864இல் தோன்றிய வேகா சிசீலியா ஆலை இங்குதான் உள்ளது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இப்பகுதி அந்த ஓர் ஆலையாலேயே அறியப்பட்டது. 1970களில் அலெகாந்திரோ பெர்னாந்தெசு தொடங்கிய பெசுக்கேரா ஆலைக்குப் பின்னரே பிறர் பெருகினர். இதற்கு மேற்கே உள்ள தோரோ இன்னும் வெப்பமானது. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் பைலொக்செரா பரவ இயலாமையால் ஒட்டுக் கட்டப்படாத மிகப் பழைய கொடிகள் பிழைத்துள்ளன.

பிரியொராட் காத்தலோனியாவின் செங்குத்தான மலைச்சரிவுப் பகுதி. "யிக்கோரெல்யா" என்னும் கருநிறப் பலகைக்கல் உடைந்த மண்ணில் கர்னாச்சா, கரின்யேனா கொடிகள் மிகக் குறைந்த விளைச்சலையே தருகின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஸ்காலா தெய் மடத்துத் துறவியர் இங்கே கொடி நட்டனர். பிற்காலத்தில் கைவிடப்படும் நிலையில் இருந்த இப்பகுதியை, 1980களின் இறுதியில் ரெனே பார்பியே, ஆல்வாரோ பலாசியோசு உள்ளிட்ட சிறு நண்பர் குழுவொன்று மீட்டெடுத்தது. 1989ஆம் ஆண்டு அறுவடையை அவர்கள் கூட்டாகவே வைனாக்கினர்.

வடமேற்கிலுள்ள பியெர்சோ பகுதியின் மென்சியா திராட்சை மென்மையும் நறுமணமும் கொண்டது. தென்கிழக்கிலுள்ள ஹுமியா பகுதியின் மொனாஸ்ட்ரெல் அதற்கு நேர்மாறாகக் கனத்தது, இனிமையான கரும்பழ மணம் கொண்டது. ஹுமியாவைப் பைலொக்செரா 1989இல்தான் பெருமளவில் தாக்கியது.

வைன்களைத் தெரிவு செய்தல்

வீட்டுச் சுவைத்தலுக்கு ஐந்து அல்லது ஆறு வைன்கள் போதுமானவை. அதற்கு மேல் போனால் பழக்கமில்லாதவரின் நா வேறுபாடுகளை உணராது. எட்டுப் பேருக்கு ஒவ்வொரு வைனிலும் 750 மில்லிலீட்டர் புட்டி ஒன்று போதும். ஒருவருக்கு 45 மில்லிலீட்டர் வீதம் ஊற்றினால் 360 மில்லிலீட்டர் செலவாகும். மீதி பாதி, திரும்பச் சுவைத்துப் பார்க்கவும் பின்னர் உணவோடு அருந்தவும் உதவும். செலவைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம்.

தெரிவு முறைகளில் ஏணிமுறை முதன்முறை சுவைப்போருக்கு மிகவும் ஏற்றது. ஒரே ஆலையின் கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துச் சுவைப்பதே ஏணிமுறை. காலம் செய்யும் வேலை இதில் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு குறை உண்டு. கடையில் ஒரே நாளில் கிடைக்கும் இம்மூன்றும் வெவ்வேறு அறுவடை ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆகவே காணப்படும் வேறுபாட்டில் ஒரு பகுதி பீப்பாயினுடையது, ஒரு பகுதி அந்தந்த ஆண்டின் மழையும் வெயிலும் தந்தது. இரண்டையும் முழுமையாகப் பிரித்தறிய இயலாது.

இரண்டாவது முறை ஒரே திராட்சையைப் பல நிலங்களில் ஒப்பிடுவது. ரியோகா, ரிபேரா தெல் துவேரோ, தோரோ ஆகிய மூன்றின் கிரியான்சா வைன்களை ஒரே ஆண்டில் தேடி வாங்கினால் டெம்ப்ரானியோ நிலத்துக்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்பதைக் காணலாம். மேலே கூறிய காலமா இடமா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல விரும்புவோர் இவ்விரு முறைகளையும் ஒரே மாலையில், மூன்று மூன்று வைன்களாக, அடுத்தடுத்துச் செய்யலாம். ரியோகா கிரியான்சா இரண்டிலும் பொதுவாக இருப்பதால் ஐந்து புட்டிகளே போதும். ஆறாவது கிண்ணத்தில் அந்த ஐந்தில் ஒன்றையே யாருக்கும் சொல்லாமல் மீண்டும் ஊற்றி வைக்கலாம். இதன் பயன் பின்னர் விளக்கப்படுகிறது.

பரிமாறும் வரிசையில் இலகுவானது முதலிலும் கனமானது பின்னரும் வருவது பொது விதி. வயது முதிர்ந்தது கடைசியில் என்று பலர் கருதுவது எசுப்பானிய வைன்களுக்குப் பொருந்தாது. பழைய பாணி கிரான் ரெசெர்வா நிறம் வெளிறி மென்மையாகிவிட்டிருக்கும். வலிமையான இளம் தோரோவுக்குப் பின் அதனை ஊற்றினால் தண்ணீர் போலத் தோன்றும். அதனை முன்னதாகவே சுவைத்துவிட வேண்டும்.

முன்னேற்பாடு

வெப்பநிலையே பெரும்பாலான வீடுகளில் நேரும் பிழை. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பழைய அறிவுரை, குளிர்ந்த கல் வீடுகளின் காலத்தது. முதிர்ந்த வைன்களுக்கு 16 முதல் 18 பாகை செல்சியசும், இளம் வைன்களுக்கு 13 முதல் 15 பாகையும் ஏற்றவை. 28 பாகை அறையில் சாராய நெடியே மேலோங்கும். அந்நிலையில் விலையுயர்ந்த வைனும் மலிந்த வைனும் ஒன்றே. பனிக்கட்டி கலந்த நீரில் புட்டியைச் சில நிமிடங்கள் நிறுத்தி வைத்தால் போதும்.

பழைய ரெசெர்வா, கிரான் ரெசெர்வா புட்டிகளின் அடியில் வண்டல் இருக்கும். முதல் நாளே அவற்றை நிமிர்த்தி வைத்து, ஊற்றும்போது கடைசி இரு விரற்கடையை விட்டுவிட வேண்டும். இளமையான ரிபேரா, பிரியொராட் வைன்களை ஒரு மணி நேரம் முன்னரே திறந்து அகன்ற குடுவையில் ஊற்றி வைப்பது நல்லது. புட்டியின் தக்கையை மட்டும் எடுத்து வைப்பதால் பயனில்லை. அந்தச் சிறிய கழுத்தின் வழியே காற்று போதுமான அளவு கலப்பதில்லை.

கிண்ணங்கள் வாய்ப்புறம் குறுகியும் நிறமற்றும் இருக்க வேண்டும். பன்னாட்டுத் தரநிர்ணய நிறுவனம் 1977இல் சுவைக்கும் கிண்ணத்துக்கென ஒரு தரத்தையே வகுத்தது. ஆயினும் ஒரே வடிவம் என்பதே முக்கியம். ஒருவருக்கு ஒரு வடிவமும் மற்றவருக்கு வேறொரு வடிவமும் தந்தால் மணம் மாறிப் பேச்சு வீணாகும். மேசையில் வெள்ளைத் தாள், குடிநீர், உப்பில்லாத வெறும் ரொட்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம் ஆகியவை வேண்டும். நறுமணத் தைலம், ஊதுவத்தி, வாசனை மலர்கள் ஆகியவற்றை அன்று தவிர்ப்பது நலம்.

புட்டியை மறைத்தல்

வீட்டுச் சுவைத்தலில் பெரும்பாலோர் தவிர்த்துவிடுவதும், ஆனால் மிகுந்த பயன் தருவதும் இதுவே. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தின் வைன் இயல் மாணவர்கள் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைன் தரப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கலிபோர்னியாவில் நடந்து 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே வைனை இரு வேறு விலைகள் கூறித் தந்தபோது, அதிக விலை கூறப்பட்டதையே மக்கள் விரும்பினர். அவர்களது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியின் செயற்பாடும் அப்போது கூடியது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கூடுதலாகச் சுவைத்தனர்.

எசுப்பானிய வைன்களுக்கு இதில் நன்மையும் விளைந்ததுண்டு. 1979இல் பாரிசில் கோ-மியோ இதழ் நடத்திய போட்டியில் காத்தலோனியாவின் தோரெசு நிறுவனத்தின் 1970ஆம் ஆண்டு வைன், புகழ்பெற்ற சாத்தோ லத்தூரை முந்தி அதன் பிரிவில் முதலிடம் பெற்றது. நடுவர்கள் புட்டியைப் பார்த்திருந்தால் அம்முடிவு வந்திருக்குமா என்பது ஐயமே.

மறைக்கும் முறை எளிது. விருந்தளிப்பவர் ஒவ்வொரு புட்டியையும் கழுத்துவரை காகிதப் பையில் இட்டுக் கட்டுவார். தக்கையின் மேலுள்ள உறையையும் கம்பிவலையையும் முன்பே நீக்கிவிட வேண்டும்; தக்கைகளில் ஆலையின் பெயர் அச்சிட்டிருக்கும் என்பதால் அவற்றையும் மறைத்துவிட வேண்டும். பிறகு வேறொருவர், முதலாமவர் அறையில் இல்லாதபோது, பைகளின் இடத்தை மாற்றி எண்ணிடுவார். இப்படிச் செய்தால் விருந்தளிப்பவரும் ஏனையோரோடு சமமாகச் சுவைக்கலாம். துவேரோ பகுதி ஆலைகள் சில கனமான புட்டிகளைப் பயன்படுத்துவதால், புட்டியைத் தூக்குபவர் எடையை வைத்தே ஊகித்துவிடக்கூடும். ஆகவே ஊற்றும் பணியை ஒருவரிடமே விடுவது நல்லது. இம்முறையில் பரிமாறும் வரிசை குலையலாம். கனத்தவற்றையும் இலகுவானவற்றையும் இரு தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்குள் மட்டும் இடம் மாற்றினால் அச்சிக்கல் தீரும்.

சுவைத்தல்

முதலில் கிண்ணத்தை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து விளிம்பின் நிறம் பார்க்கப்படுகிறது. இளம் வைனின் விளிம்பு ஊதா கலந்திருக்கும். வயது ஏற ஏறச் செங்கல் நிறமாகும். பின்பு கிண்ணத்தை அசைக்காமல் ஒரு முறையும், சுழற்றிய பின் ஒரு முறையும் முகர்ந்து பார்க்க வேண்டும். இளம் டெம்ப்ரானியோவில் செந்நிறப் பழங்களின் மணமும், கிரியான்சாவில் வனிலா, கிராம்பு ஆகியவற்றின் சாயலும், முதிர்ந்த கிரான் ரெசெர்வாவில் பதப்படுத்திய தோல், புகையிலை, உலர்ந்த அத்தி ஆகியவற்றின் சாயலும் பொதுவாகச் சொல்லப்படுபவை. இவை வைனில் சேர்க்கப்பட்டவை அல்ல. ஒருவர் முகர்ந்து பழகிய பொருள்களின் நினைவே இங்கு சொல்லாகிறது. ஐரோப்பிய நூல்கள் கூறும் பழங்களை அறியாத ஒருவர் நாவல் என்றோ புளியம்பழம் என்றோ எழுதினால் அது பிழையன்று.

வாயில் கொண்டபின் கவனிக்க வேண்டியவை புளிப்பு, துவர்ப்பு, சாராயத்தின் சூடு, விழுங்கிய பின் நிலைக்கும் நேரம் ஆகியவை. திராட்சைத் தோலிலும் விதையிலும் பீப்பாய் மரத்திலும் உள்ள டானின்களே துவர்ப்புக்குக் காரணம். அவை உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு இணைந்து அதன் வழுவழுப்பைக் குறைக்கின்றன. ஆகையால் மேலைநாட்டு அறிவியல் இதனைச் சுவை என்று கொள்ளாமல் தொடு உணர்வு என்றே வகைப்படுத்துகிறது. தமிழ் மரபில் துவர்ப்பு அறுசுவையுள் ஒன்று. கடுக்காய், மாதுளைத் தோல், வாழைப்பூ ஆகியவற்றை அறிந்தவருக்கு இதனை அடையாளம் காணத் தனிப்பயிற்சி தேவைப்படுவதில்லை. துவர்ப்பு கரகரப்பாக இருக்கிறதா, மென்மையாகப் படிகிறதா என்பதே முதிர்வைக் காட்டும் நல்ல குறிகளுள் ஒன்று. நாள்பட நாள்பட டானின்கள் ஒன்றோடொன்று இணைந்தும் வண்டலாகப் படிந்தும் துவர்ப்பு மென்மையடைகிறது.

பேசுவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்பது தவறாது பின்பற்ற வேண்டிய விதி. மேசையில் முதலில் உரக்கப் பேசுபவரின் கருத்தே மற்றவர்களின் நாவிலும் ஏறிவிடும். அனைவரும் எழுதி, விருப்ப வரிசையும் இட்ட பின்னரே பைகள் அவிழ்க்கப்படுகின்றன. ஒரே வைன் இரு எண்களில் ஊற்றப்பட்டிருந்தால், அவ்விரண்டுக்கும் ஒருவர் இட்ட இடங்கள் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை அப்போது பார்க்கலாம். ஒன்றுக்கு முதலிடமும் மற்றொன்றுக்குக் கடைசி இடமும் கொடுத்தவர், தம் ஏனைய தீர்ப்புகளையும் அந்த அளவிலேயே நம்ப வேண்டியிருக்கும். பழகியவர்களுக்கும் இது நேர்வதால் வெட்கப்பட ஏதுமில்லை.

பழுதான வைன்

ஈரமான அட்டை அல்லது பூஞ்சை பிடித்த நிலவறையை ஒத்த மணம் வீசினால் அது தக்கைப் பழுது எனப்படும். டிரைகுளோரோஅனிசோல் என்னும் சேர்மம் மிகமிகச் சிறிய அளவில் இருந்தாலே இது உண்டாகும். உடலுக்குக் கேடில்லை, ஆனால் பழமணம் மறைந்துவிடும். இதனை அந்த வகையின் இயல்பு என்று எண்ணிக் குறைத்து மதிப்பிடுவது பரிதாபமானது. மறைத்துச் சுவைக்கும்போது இந்த ஆபத்து கூடுதல் என்பதால், ஊற்றுபவர் ஒவ்வொரு புட்டியையும் முன்னதாக முகர்ந்து பார்த்துவிட வேண்டும்.

உணவும் அளவும்

சுவைக்கும்போது ரொட்டியும் நீரும் மட்டுமே போதும். ஒப்பீடு முடிந்த பின் உணவு வரலாம். லா மாஞ்சாவின் செம்மறிப் பாலில் செய்த மாஞ்செகோ பாலாடைக்கட்டி, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, ஒலிவக்காய் ஆகியவை வழக்கமானவை. ரியோகாவில் கவாத்து செய்த திராட்சைக் கொடியின் சுள்ளிகளை எரித்து, அத்தணலில் ஆட்டுக்குட்டியின் விலாத்துண்டுகளை வாட்டுவர். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிப்பதால், சுவைத்தலில் கடைசி இடம் பெற்ற கடுமையான வைனே உணவுடன் முதலில் தீர்ந்துபோவதைக் காணலாம். மிளகாய்க் காரம் சாராயத்தின் எரிச்சலைப் பெருக்குவதால் காரமான உணவு 14 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வைன்களோடு பொருந்துவதில்லை.

45 மில்லிலீட்டர் வீதம் ஆறு வைன்களை முழுதும் விழுங்கினால் 270 மில்லிலீட்டர் ஆகும். 14 விழுக்காட்டு வைனில் இது ஏறத்தாழ 30 கிராம் தூய சாராயம். மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்தது. தொழில்முறைச் சுவைப்போர் துப்பிவிடுவதற்குக் காரணம் இதுவே. மணமும் துவர்ப்பும் வாயிலேயே உணரப்படுவதால் துப்புவதால் ஒப்பீட்டுக்குக் குறைவில்லை. வண்டி ஓட்டிச் செல்ல வேண்டியவர் துப்பினாலும் சிறிதளவு சாராயம் உடலில் சேரும். அவர் சுவைக்காமல் ஊற்றும் பணியை ஏற்பதே பொருத்தம். எசுப்பானியாவில் மது வாங்குவதற்கான குறைந்த வயது 18 ஆகும்.

மீந்த வைனைத் தக்கையிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இளம் வைன்கள் இரண்டு மூன்று நாள்கள் தாங்கும். பழைய கிரான் ரெசெர்வா மறுநாளே மணம் குன்றிவிடும் என்பதால் அதனை அன்றிரவே முடித்துவிடுவது நல்லது.